செவுத்துக் கணக்கு

ரொம்பக் காலத்துக்கு முந்தி, ரூபாய் நோட்டைக் கண்ணால பாத்தவன் ஊருக்கு ஒருத்தன் இருந்தாலே பெரிசுன்னு இருந்த காலம். கிழக்க கடலு, மேற்க தேரின்னு செம்மணல் மேடு, நடுவுல உப்பளம். அந்த அளத்தை ஒட்டி உடைவிளைன்னு ஒரு ஊரு. அந்த ஊருல சுயம்புக்கனின்னு ஒருத்தி இருந்தாளாம். இருந்தாளாம்னு சொல்லுதேன், ஆனா சத்தியமா இருந்தா. நல்லா வாழ்ந்து நாசமாச் செத்தா. அதையும் இப்பமே சொல்லிப்புடுதேன். கடைசியில எல்லாம் சரியாப் போயிரும்னு காத்துக்கிட்டு இருக்கவிய இப்பமே எந்திரிச்சுப் போயிருங்க. இது அந்த மாதிரிக் கதை இல்ல.

அளத்து வேலை எப்படின்னா, மாசியில தொடங்கி புரட்டாசி வரைக்கும் வெயில்ல வேகணும். ஐப்பசியில மழை விழுந்தா அளத்தை மூடிருவான். பொறவு நாலு மாசம் கூலி கிடையாது. நாலு மாசம் வயிறு சும்மா கிடக்குமா? கிடக்காது. பொம்பளைய எல்லாம் கங்காணி வள்ளிமுத்து வீட்டு வாசல்ல போய் நிப்பாவ. அவன் அஞ்சு ரூபா முன்பணம் குடுத்து, நோட்டுல என்னத்தையோ எழுதி, "பெருவிரலை வையி"ம்பான். என்ன எழுதினான்னு அவனுக்குத் தெரியும், மேல இருக்கவனுக்குத் தெரியும். அடுத்த மாசியில இருந்து அவன் சொன்ன கூலிக்கு அவன் அளத்துலதான் சுமக்கணும். வேற அளத்துக்குப் போகக்கூடாது. மக வயசுக்கு வந்தா அவளும் சுமக்கணும். அஞ்சு ரூபா தீராது. தீரவே தீராது.

சுயம்புக்கனி புருசன் செத்த வருசம் அவ அஞ்சு ரூபா வாங்கினா. அதைத் தீக்கப் பதினோரு வருசம் ஆச்சாம். பதினோரு வருசம்! அது தீந்த அன்னைக்கு, கூடச் சுமக்குத பிச்சைக்கனியப் பாத்து ஒரு வார்த்தை சொன்னா.

"பிச்ச, வாரம் ஒரு அணா எங்கிட்ட குடு. நானும் ஒரு அணா போடுதேன். மழை வந்ததும் ஆளுக்குப் பாதியாப் பிரிச்சிக்கிடுவோம். கங்காணி வாசலுக்குப் போக வேண்டாம்."

"ஒங்கிட்ட குடுத்தா நீ தின்னுப்புட மாட்டியா?"

"தின்னா என் வயித்தைக் கிழிச்சு எடுத்துக்கட்டி."

ரெண்டு பேரும் சிரிச்சாவளாம். அப்படி ரெண்டு பேராத் தொடங்கினது, அடுத்த வருசம் அஞ்சு பேரு. அதுக்கடுத்த வருசம் இருவது. பன்னெண்டு வருசத்துல சுத்துப்பட்டி நாலு ஊருக்கு நூத்தி இருவது பொம்பளைய. கையில இருக்கதைப் போடலாம். ஒரு அணா இருந்தா ஒரு அணா, ரெண்டு இருந்தா ரெண்டு, இல்லாத வாரம் இல்ல. வற்புறுத்த மாட்டா. ஆனா சனிக்கிழமை சாயங்காலம் கூலி வாங்கிட்டுத் திரும்புத வழியில அவ நிப்பா. நின்னா தானாக் கை மடியை அவுக்கும்னு சொல்லுவாவ.

வெறுமனே வாங்கி வச்சுத் திருப்பிக் குடுத்தான்னு நெனைக்காதீய. ஆவணி கடைசியில டவுனுக்கு நடந்து போவா. அரிசி மண்டியில உக்காந்து விலை பேசுவா. "நூத்தி இருவது வீட்டுக்கும் நான் ஒருத்தியா வாங்குதேன், மூடைக்கு ஒரு ரூபா குறை"ம்பா. குறைச்சே தீரணும். மண்டிக்காரன் அவளுக்குன்னு ஒரு முக்காலி போட்டு வச்சிருந்தானாம். முதலாளிமாரு உக்காருத இடத்துல, உப்புப் பெட்டி சுமந்து உச்சி மயிரு உதுந்துபோன ஒருத்தி, காதுல பாம்படம் ஆட, காலை நீட்டி உக்காந்து விலை பேசுவா. விலையில மிச்சம் வந்த காசை வச்சு, கங்காணி நோட்டுல மாட்டிக்கிட்டுக் கிடந்தவளை ஒவ்வொருத்தியாத் தீத்து விட்டா. நாப்பது பேரை அப்படித் தீத்து விட்டா. பாங்கிக்காரன் இன்னைக்குக் கோட்டு மாட்டிக்கிட்டுச் செய்யுத வேலையை அவ கடகத்தைத் தலையில வச்சுக்கிட்டே செஞ்சா.

கணக்கு எங்க எழுதுவா? செவுத்துல. அடுப்படிச் செவுத்துல காவிக்கட்டியால ஆளுக்கு ஒரு அடையாளம் போட்டிருப்பா. ஒருத்திக்கு மீனு, ஒருத்திக்குச் சீப்பு, ஒருத்திக்குப் பிறை. அடையாளத்துக்குக் கீழ அணாவுக்கு ஒரு புள்ளி. எழுத்துத் தெரியாது, ஆனா தன் மீனு எங்க நிக்குன்னு எல்லாருக்கும் தெரியும். கோயில் வாத்தியாரு ஒருநாள் வந்து, "அம்மா, நான் ஒரு நோட்டுல எழுதித் தாரேன், செவரு எதுக்கு?"ன்னு கேட்டாராம்.

"நோட்டு வேண்டாம் அய்யா. நோட்டுல எழுத்துத் தெரிஞ்சவன் மட்டும்தான் பாப்பான். என் செவத்தை யாரும் வந்து பாக்கலாம்."

பேச்சு நல்ல பேச்சுதான். ஆனா பன்னெண்டு வருசத்துல ஒருத்தியாவது உள்ள வந்து தன் புள்ளிய எண்ணிப் பாத்தாளா? பாக்கல. எதுக்குப் பாக்கணும்? சுயம்புக்கனியாச்சே!

அந்த வருசம் ஆடியில மகனுக்குக் கல்யாணம் முடிச்சா. மருமக பேரு மாடத்தி. தெக்க இருந்து வந்த பிள்ளை, பதினேழு வயசு. மகன் தோணி வேலைக்குப் போயிட்டான். வீட்டுல மாமியாளும் மருமகளும்தான். மாடத்தி நல்ல பிள்ளை. அதுதான் கேடு. சோம்பேறியா இருந்திருந்தா இந்தக் கதையே இருக்காது.

ஆவணி கடைசியில அம்மன் கொடை, ஊருத் திருவிழா. சுயம்புக்கனி மண்டிக்கு விலை பேசக் கிளம்பினா. போகும்போது சொன்னா, "ஏட்டி, ரெண்டு நாள்ல வந்திருவேன். கொடைக்கு வீட்டைச் சுத்தமா வையி." அவ்வளவுதான் சொன்னா. செவத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. ஊருக்கே தெரிஞ்ச விசயத்தை யாரு வாயைத் திறந்து சொல்லுவா? ஊருக்கே தெரியும், அதனால அந்தப் பிள்ளைக்கிட்ட ஒருத்தரும் சொல்லல.

மாடத்தி வாசலைப் பெருக்கினா. பானையைத் தேச்சா. அடுப்படிக்கு வந்து செவத்தைப் பாத்தா. புகை படிஞ்ச செவத்துல காவிப் புள்ளியும் கிறுக்கலும். ஏதோ புள்ளைய விளையாடின விளையாட்டுன்னு நெனைச்சா. தேங்காய் நாரைத் தண்ணியில முக்கித் தேச்சா. தேச்சா தேச்சா, கை சிவந்துபோகத் தேச்சா. பொறவு சிப்பிச் சுண்ணாம்பு கரைச்சு, ஒரு பூச்சு அடிச்சா. புகை தெரிஞ்சுதுன்னு இன்னொரு பூச்சு. அழகா இருக்கட்டும்னு கொஞ்சம் நீலம் கலந்து மூணாவது பூச்சு.

மறுநாள் மதியம் மாமியா வந்தா. மூடைக்கு ஒண்ணேகால் ரூபா குறைச்சிப்புட்டோம்னு முகத்துல சிரிப்பு. வாசல்ல மாடத்தி தலை சீவிப் பூ வச்சு நிக்கா. அத்தை என்ன சொல்லுவாவளோன்னு நிக்கா.

"உள்ள வந்து பாருங்க அத்தை."

உள்ள போனா. பாத்தா.

"எத்தன பூச்சுட்டி?"

"மூணு பூச்சு அத்தை. நீலமும் போட்டேன்."

"அடிக்க முந்தி கழுவினியா?"

"நல்லாத் தேச்சுக் கழுவினேன் அத்தை."

அவ அடிக்கல, வையல. அதுதான் மாடத்திக்குப் பயமாப் போச்சாம். தலையில இருந்த பையை இறக்கி வச்சா. செவத்துக்கிட்டப் போய் ஒக்காந்தா. நகத்தால சுரண்ட ஆரம்பிச்சா. சுண்ணாம்பு பொரிஞ்சு பொரிஞ்சு மடியில விழுகு. மீனு இருந்த எடத்தைச் சுரண்டினா, சீப்பு இருந்த எடத்தைச் சுரண்டினா. உள்ள செவப்பா ஒரு ஈரக்கறைதான் இருக்கு, புள்ளி இல்ல. நகம் கிழிஞ்சு ரத்தம் வந்துட்டு. ரத்தமும் செவப்பு, காவியும் செவப்பு. எது எதுன்னு தெரியாம அதையும் எண்ணப் பாத்தாளாம் பாவி. மாடத்தி அவ காலைப் பிடிச்சுக்கிட்டு, "என்ன செஞ்சுட்டேன் அத்தை, என்ன செஞ்சுட்டேன்"னு கத்துதா. அவ திரும்பிக்கூடப் பாக்கல.

அன்னைக்குச் சாயங்காலமே நாலு ஊருக்கும் சேதி போயிட்டு. மறுநாள் காலையில நூத்தி இருவது பேரும் கோயில் கொட்டகையில வந்து நிக்காவ. அவ பணப் பானையைத் தூக்கிட்டு வந்து நடுவுல வச்சா.

"செவரு போச்சு. யாரு தப்பும் இல்ல, என் தப்பு. எந்த மீனுக்குக் கீழ எத்தன புள்ளின்னு எனக்குச் சொல்ல முடியல. இனி எங்கிட்ட காசு இருக்க வேண்டாம். இன்னைக்கே பிரிச்சிருதேன். ஒங்க கணக்கை நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னதைத் தாரேன்."

பானையில இருநூத்தி நாப்பது ரூபா. அது அவளுக்கும் மாடத்திக்கும்தான் தெரியும்.

முதல்ல வந்தவ ஒண்ணரை ரூபான்னா. குடுத்தா. அடுத்தவ ரெண்டேகால்னா. குடுத்தா. இருவது பேரு வரைக்கும் எல்லாம் நேராத்தான் போச்சாம். இருவத்தோராவது ஆளா வந்தவ பூவம்மா. கைப்புள்ளைக்காரி.

"எனக்கு ஒண்ணேமுக்கால் மதினி. ஒரு வாரம்கூட விடல."

சுயம்புக்கனி நிமிந்து பாத்தா. பூவம்மா புள்ளைக்குச் சொரம் வந்து ஆறு வாரம் வேலைக்கே போகல. அந்த ஆறு வாரமும் புள்ளைக்குக் கஞ்சி காய்ச்சிக் குடுத்தது யாரு? சுயம்புக்கனிதான். பூவம்மாவுக்கும் தெரியும், அவளுக்குத் தெரியும்னு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தரு பாத்தாவ. என்ன சொல்லுவா? செவரு இருந்தா காட்டலாம். செவரு இல்ல. ஒண்ணேமுக்கால் ரூபாயை எண்ணி அவ கையில வச்சா.

வச்சாளா? பின்னால நின்னவ எல்லாம் அதைப் பாத்துட்டாவ. பூவம்மா புள்ளைக்குச் சொரம்னு நாலு ஊருக்கும் தெரியும்லா? அவ கேட்டதைக் கேள்வி கேக்காமக் குடுத்துட்டா. அடுத்தவ ரெண்டணா கூடச் சொன்னா. அதுக்கடுத்தவ நாலணா. அதுக்கடுத்தவ முக்கால் ரூபா. ஒருத்தியும் கொள்ளையடிக்க வரல, கேட்டுக்கிடுங்க. எல்லாம் முக்கால் ரூபா, மிஞ்சினா ஒரு ரூபா. 'எனக்கு மறந்திருக்கும், ஒருவேளை கூடத்தான் போட்டிருப்பேன்'னு ஒருத்தி. 'மத்தவ கூடச் சொல்லி வாங்கிட்டா கடைசியில எனக்கு இல்லாமப் போயிரும்லா'ன்னு ஒருத்தி. எல்லாருக்கும் மழை வருது, எல்லாரு வீட்டுலயும் வாய் இருக்கு.

மாடத்தி காதுக்குள்ள சொன்னா, "அத்தை, பொய் சொல்லுதாவ. பானையில இருந்தது இருநூத்தி நாப்பதுதான்னு சொல்லிருங்க. இருக்கதை எல்லாருக்கும் பங்கு வச்சிருவோம்."

"சொன்னா, மிச்சத்தை நான் எடுத்துக்கிட்டேம்பாவ. இல்லன்னு காட்ட எங்கிட்ட என்ன இருக்கு? நீ வெள்ளையடிச்ச செவருதான் இருக்கு."

மாமியா வாயில இருந்து அந்தப் பிள்ளை கேட்ட சுடுசொல்லு அது ஒண்ணுதானாம். அது போதாதா?

வெயில் ஏறினப்பம் பானை காலி. இன்னும் முப்பது பேருக்கு மேல நிக்காவ. அதுல முன்னால நிக்கது பிச்சைக்கனி. சுயம்புக்கனி அவ முகத்தைப் பாத்தா. பிச்ச வந்துட்டா, இவ சொல்லுவா. 'போதும்டி, எல்லாரும் கேட்டதைத் திருப்பி வைங்க'ன்னு இவ ஒருத்தி சத்தம் போட்டா எல்லாம் நின்னுரும். அவளுக்கு அப்படி நம்பிக்கை. ரெண்டு பேருமா வாரம் தவறாம ஒரே நேரத்துல ஒரே அணாவைப் போட்டவிய. பிச்சைக்கனி கணக்குக்குச் செவரே வேண்டாம். இருவத்தெட்டு வாரம், இருவத்தெட்டு அணா. ஒண்ணேமுக்கால் ரூபா. தனக்கு எவ்வளவோ அவளுக்கும் அவ்வளவு.

"சொல்லு பிச்ச."

பிச்சைக்கனி காலி பானையைப் பாத்தா. பின்னால நிக்கவியளைப் பாத்தா. தரையைப் பாத்தா.

"ரெண்டு ரூபா."

நாலணா. அந்த நாலணாவுலதான் சுயம்புக்கனி செத்துட்டான்னு சொல்லுவாவ. மூச்சு நின்னது பொறவுதான்.

"சரி பிச்ச. நாளைக்கு வா, தாரேன்"ன்னு சொன்னாளாம்.

எல்லாரும் சொன்னதைக் கூட்டினா முன்னூத்தி முப்பத்தொண்ணு. துண்டு விழுந்தது தொண்ணூத்தொண்ணு. அன்னைக்கே பாம்படத்தைக் கழட்டி வித்தா. மேல தங்கத் தகடு, உள்ள அரக்கு, நாப்பத்தொரு ரூபாதான் வந்தது. தோளைத் தொட்டு ஆடிக்கிட்டுக் கிடந்த காது சும்மா தொங்குது. அந்தக் காதோட போய்க் கங்காணி வள்ளிமுத்து வாசல்ல நின்னா.

"அம்பது ரூபா வேணும் கங்காணியாரே."

அவன் நம்பல. "யாரு, நீயா? எங்கிட்ட இருந்து நாப்பது பேரைப் பிடுங்கிட்டுப் போனவ நீயா?"

"நாந்தான். நோட்டை எடும்."

எடுத்தான். எழுதினான். அவ பெருவிரலை வச்சா. நகம் இல்லாத விரலு. அவனே கொஞ்சம் தயங்கினானாம். கெட்டவனுக்கும் சில நேரம் கூசும்லா. கூசினா என்ன, நோட்டை மூடி வச்சுட்டான்.

சொன்ன காசைச் சொன்னபடி எல்லாருக்கும் குடுத்துத் தீத்தா. பிச்சைக்கனிக்கும் ரெண்டு ரூபா குடுத்தா. மறு மாசியில அறுவதை ஒட்டின வயசுல மறுபடியும் பெட்டி தூக்கினா. நாள் கூலி மூணணா, அதுல ஒரு அணா கங்காணிக்கு. கூடச் சுமக்கவ எல்லாரும் யாரு? அவகிட்ட முக்கால் ரூபாவும் ஒரு ரூபாவும் கூட வாங்கினவிய. தினம் பாப்பாவ. தண்ணி குடுப்பாவ. "முடியலன்னா ஒக்காருங்க மதினி"ம்பாவ. ஒருத்தியாவது, 'அன்னைக்கு நான் கூடச் சொன்னேன், இந்தா உங்க காசு'ன்னு சொன்னாளா? சொல்லல. ஒருத்தி சொன்னா மத்தவ எல்லாம் கள்ளின்னு ஆயிருமே. அதனால எல்லாரும் நல்லவளாவே இருந்தாவ. மழைக்குன்னு காசு வாங்கச் சனிக்கிழமை வழியில நிக்க யாரும் இல்ல. அடுத்த மழையில நாப்பது பேரு கங்காணி வாசலுக்குப் போனாவ. அதுக்கடுத்த மழையில மிச்சப் பேரும் போனாவ. கூட வாங்கின காசு எங்க போச்சு? ஒரு வாரத்துக் கஞ்சியிலயே போச்சு.

மாடத்தி மட்டும் தினம் கேப்பா, "அத்தை, என்னைய ஒரு அறை அறைஞ்சிருங்க." அவ சொல்லுவா, "நீ செவத்தைத்தான் அழிச்சட்டி." அதுக்கு மேல சொல்ல மாட்டா. மாடத்திக்கும் புரிஞ்சிருக்கும்.

மூணாம் வருசம் பங்குனி. வெயில்னா வெயில், உப்பே கண்ணைக் குத்துத வெயில். வரப்பு மேல பெட்டியோட போனவ அப்படியே குப்புற விழுந்தா. பிச்சைக்கனி பின்னால வந்துக்கிட்டு இருந்தா. ஓடிப் போய்ப் புரட்டினா. முடிஞ்சுபோச்சு. தலையில இருந்த உப்பு முகமெல்லாம் கொட்டிக் கிடந்துதாம்.

அளத்துக் கொட்டகையில பனை ஓலையைப் போட்டு மூடி வச்சாவ. வேலை நிக்கல. சாயங்காலம் கணக்கப்பிள்ளை நோட்டைத் தூக்கிட்டு வந்து உக்காந்தான். அங்க ஒரு வழக்கம். ஒவ்வொருத்தியும் எத்தன பெட்டி சுமந்தேன்னு தன் வாயால சொல்லணும். அவன் நோட்டுல ஒரு கணக்கு இருக்கும். ரெண்டுல எது குறைச்சலோ அதை எழுதுவான்.

"சுயம்புக்கனி. எத்தன பெட்டி?"

எல்லாரும் ஓலை மூடிக் கிடந்த பக்கம் திரும்பினாவ.

"செத்தவளுக்கும் இன்னைக்குக் கூலி உண்டு. கடன்ல கழிக்கணும்லா. யாராவது சொல்லுங்க. எத்தன?"

அவ கூடச் சுமந்தது பிச்சைக்கனிதான். அவளுக்குத்தான் தெரியும். எல்லாக் கண்ணும் அவ மேல.

"முப்பத்தொண்ணு"ன்னா பிச்சைக்கனி. "விழுந்ததைச் சேக்கல. விழுந்த பெட்டி கணக்குல வராதுன்னு அவளே சொல்லுவா."

"சரி. ஒனக்கு எத்தன?"

பிச்சைக்கனி திரும்பினா. ஓலைக்கு வெளிய தெரிஞ்ச அந்தக் காதைப் பாத்தா. அப்படியே மண்ணுல உக்காந்துட்டா.

"என் கணக்கை நான் சொல்ல மாட்டேன் அய்யா. என் வாயை நம்பாதீம். இந்தா நிக்காளே பூவம்மா, அவகிட்ட கேளும்."

பூவம்மாகிட்ட கேட்டான். அவ பிச்சைக்கனி கணக்கைச் சொன்னா. தன் கணக்கைக் கேட்டா, அவ அடுத்தவளைக் கை காட்டினா. அடுத்தவ அதுக்கடுத்தவளை. வரிசை முழுக்க அப்படியே போச்சாம். கணக்கப்பிள்ளை கத்திப் பாத்தான். ஒருத்தியும் தன் வாயால சொல்லல. அழுகையும் இல்ல, ஒப்பாரியும் இல்ல. அன்னைக்கு அந்த ஊரு பொம்பளைய தங்களைப் பத்தி ஒத்துக்கிட்டது அவ்வளவுதான்.

ஆனா கேளுங்க. கடனுல மிச்சம் வட்டியோட நாப்பது ரூபாய்க்கு மேல இருந்துது. அதை நாங்க தாரோம்னு அன்னைக்கும் யாரும் சொல்லல. பதினேழு வயசுல வந்த அந்தப் பிள்ளை, மாடத்தி, மாமியா பெட்டியை எடுத்துத் தலையில வச்சுக்கிட்டா. அவ தீத்தா. எத்தன வருசம்னு என்னைக் கேக்காதீய.

அதான் உடைவிளையில இன்னைக்கும் அந்த வழக்கம். அங்க ஒரு பொம்பளைகிட்ட கருவாடு வாங்கிட்டு, "ஒனக்கு எவ்வளவு தரணும்?"னு கேட்டுப் பாருங்க. சொல்ல மாட்டா. பக்கத்துல இருக்கவ முகத்தைப் பாப்பா. பக்கத்துல இருக்கவதான் சொல்லுவா. வெளியூருக்காரன் சிரிப்பான், இது என்ன கிறுக்கு ஊருன்னு. சிரிச்சுட்டுப் போகட்டும். அந்தப் பழக்கத்துக்குக் கனி சாட்சின்னு பேரு.

இவ்வளவு விவரமா உனக்கு எப்படித் தெரியும், நீ யாரு வழிப் பிள்ளைன்னு கேக்கியளா? அதை நான் சொல்லக்கூடாது. பக்கத்துல இருக்கவியகிட்ட கேளுங்க. ரெண்டு ரூபான்னு சொன்னவ யாரோ, அவளைத்தான் சொல்லுவாவ.